போக்கரில் தோற்கும்போது வரும் கோபத்தையும் எரிச்சலையும் எப்படிச் சமாளிப்பது?

"ஓரளவு நன்றாகத்தான் ஆடுகிறேன். ஆனால் ஒரு பெரிய பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) கையைவிட்டுப் போனதும் தலை சூடாகிவிடுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் மிச்சம் இருப்பதையும் தொலைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடம் எனக்கும் இதே கதைதான். கோபமே வராமல் இருக்க வழி எனக்கு இன்றுவரை தெரியாது. வந்தபிறகு அது கைக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ள மட்டும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஹோல்டம் மேசை. ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, நடுவில் போர்டில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அதில் முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். என்னிடம் ஸ்பேட் ஏஸும் ஆட்டின் ஏஸும். நான் ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தைக் கூட்டினேன்), எதிரே தொப்பி போட்ட ஒருவர் மட்டும் கால் செய்தார் (அதற்குச் சமமாகப் போட்டார்). ஃப்ளாப்பில் ஜாக், ஏழு, மூன்று. டர்னில் இரண்டு. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வழியே இல்லாத போர்டு. டர்னில் இருவர் காசும் மொத்தமாக உள்ளே போய்விட்டது. அவர் திறந்து காட்டியது இரண்டு பத்து. இன்னும் வெளியே வராத சீட்டு 44. அதில் அவரைக் காப்பாற்றக்கூடியவை மிச்சமிருக்கும் இரண்டு பத்து மட்டும். அதாவது நான்கரை சதவீதம். ரிவரில் ஆட்டின் பத்து வந்து விழுந்தது.

நான் சிரித்தேன். "நைஸ் ஹேண்ட்" என்றுகூடச் சொன்னேன். மறுபடி ஒரு பை-இன், அதாவது ஆட உட்காரத் தேவையான பணத்துக்குச் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்), வாங்கி அடுக்கிவைத்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு நான் நிதானமாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஐந்தாறு கை (ஆட்டம்) கழித்து அதே தொப்பிக்காரர் ரெய்ஸ் செய்தார். நான் ஸ்மால் பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகச் சின்னப் பந்தயம் போடும் இடம்), கையில் கிங்-ஒன்பது, ஒரே இனமும் இல்லை. வேறு எந்த நாளிலும் இரண்டாவது தடவை பார்க்காமல் தூக்கிப் போடும் சீட்டு. கால் செய்தேன். ஃப்ளாப் கிங், குயின், ஆறு. அவர் பெட் (பந்தயம்), நான் கால். டர்னில் மறுபடி பெட், மறுபடி கால். ரிவரில் அவர் ஆல்-இன், இருந்ததை எல்லாம் உள்ளே தள்ளினார். அப்போது என் மண்டைக்குள் ஓடிய வாக்கியம் இன்றும் ஞாபகம் இருக்கிறது: "ஒவ்வொரு தடவையுமா இவன்கிட்ட இருக்கும்?" கால் செய்தேன். கிங்-குயின் காட்டினார், இரண்டு ஜோடி.

ஏஸ் உடைந்ததில் போனது ஒரு பை-இன். அதற்கப்புறம் ஐம்பது நிமிடத்தில் போனது மூன்று. முதலாவது சீட்டு செய்த வேலை. மற்ற மூன்றும் நானாக எடுத்துக் கொடுத்தவை. இந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதுவரைக்கும் "அந்தப் பத்து வந்ததால்தான் தோற்றேன்" என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

போக்கர் ஆடுபவர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். பந்தை உருளவிட்டு ஆடும் பின்பால் இயந்திரத்திலிருந்து வந்த சொல். பந்து குழியில் விழப்போகிறதே என்ற ஆத்திரத்தில் இயந்திரத்தைப் பிடித்து ஆட்டினால், 'டில்ட்' என்று விளக்கு எரிந்து இரண்டு பக்கத் துடுப்பும் வேலை செய்யாமல் போய்விடும். பொத்தானை நீங்கள் அமுக்கிக்கொண்டே இருக்கலாம், பந்து பாட்டுக்கு உருண்டு உள்ளே போகும். கிங்-ஒன்பதை வைத்துக்கொண்டு நான்கு தடவை கால் செய்த எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஏஸ் உடைந்தால் ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை. நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 கைதான் நகரும். ஆக, ஏழு மணி நேரத்துக்கு மேல் குப்பைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவனுக்கு அது ஒரு கூலி மாதிரி வருகிறது. அந்தக் கூலியை ஒருவர் தட்டிப் பறித்தால், "எனக்குச் சேரவேண்டியது" என்ற உணர்வு வரத்தான் செய்யும். கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தோற்றதைவிட, கடன் வசூலாகவில்லை என்பதுதான் நம்மைக் கிளப்புகிறது.

சீட்டுக்கட்டுக்கு யாரும் கடன் கொடுக்கவில்லையே. ஃப்ளாப்புக்கு முன்பே ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதினால் ஏஸ் ஜெயிக்க வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். இதைக் கேட்டதும் "கிட்டத்தட்ட எப்போதும்" என்று மனசு மொழிபெயர்த்துக்கொள்கிறது. இதே மோதல் நான்கு முறை வந்தால் நான்கிலும் நீங்கள் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 45 சதவீதம்தான். அதாவது நான்கில் ஒன்றாவது உடைவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. நான் இந்தப் பெருக்கலைக் கைப்பட ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நூறு அறிவுரை செய்யாததை அது செய்தது.

சரி, கணக்குத் தெரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா? போகாது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைப்பற்றி ஒரு இடம் வருகிறது. இழப்பை ஏற்றுக்கொள்ளாதவன், சாதாரணமாகத் தொடவே மாட்டாத சூதைக்கூட ஆடத் துணிவான் என்கிறார்கள். பந்தயத் திடலில் நாள் முடிய முடிய, ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள்மேல் பணம் கட்டுவது கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் போட்டதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். "ஈவன் ஆனதும் எழுந்துவிடுகிறேன்" என்று சொல்லி விடியும்வரை உட்கார்ந்திருந்த எனக்கு இது புதிய செய்தி இல்லை, என் புகைப்படம்.

இந்த இடத்தில் யாராவது ஃபில் ஹெல்முத்தை இழுப்பார்கள். 1989-இல் உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டை (முதன்மைப் போட்டியை) வென்றவர், அந்தத் தொடரில் அதிக பிரேஸ்லெட் (போட்டியை வென்றவருக்குத் தரும் கைச்சங்கிலி) வாங்கியவர். மேசையில் கத்துவதற்கும் பேர்போனவர். போக்கர் பிராட் (போக்கரின் அடங்காப் பிள்ளை) என்றே அவருக்குப் பட்டப்பெயர். "அவர் கத்தியும் ஜெயிக்கிறாரே?" என்பார்கள். வாய் கத்துவது வேறு, கை சிப்ஸைத் தள்ளுவது வேறு. கத்திவிட்டு அடுத்த கையில் கிங்-ஒன்பதைத் தூக்கிப் போட முடிகிறவனுக்குக் கோபத்தால் நஷ்டம் இல்லை (பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொல்லை, அது தனி). சிரித்துக்கொண்டே நைஸ் ஹேண்ட் சொன்ன நான்தான் ஆபத்தில் இருந்தேன். அதனால் "முகத்தில் காட்டாதே", "உணர்ச்சியே இல்லாமல் ஆடு" போன்ற அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முகத்தை அடக்குவதில் பாதி கவனம் போய்விட்டால், சீட்டை யார் பார்ப்பது?

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்கள் வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். டில்ட்டில் இருக்கும்போது ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் வழக்கமாக ஒரே வசனம்தான் ஓடும். என்னுடையதைச் சொல்லிவிட்டேன். சிலருக்கு "என்னை ஏமாளி என்று நினைக்கிறான்". சிலருக்கு "இன்றைக்கு எனக்குச் சீட்டே வரவில்லை, எதையாவது ஆடித்தான் ஆகவேண்டும்". அடுத்த ஐந்தாறு தோல்விக்குப் பிறகு அன்றைக்கே எழுதி வையுங்கள், உங்களுடையது தானாக வெளியே வரும். அப்புறம் மேசையில் அது கேட்கும்போது அடையாளம் தெரியும். எனக்கு இப்போது "ஒவ்வொரு தடவையுமா" என்று உள்ளே ஆரம்பித்தாலே போதும், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடுவேன்.

இரண்டாவது, எழுந்திருப்பதை மேசையில் முடிவு செய்யாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று தெரிந்திருந்தும், அந்த மட்டான புத்தியிடம் போய் "இன்னும் ஆடலாமா?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? உட்காருவதற்கு முன்பே நான் முடிவு செய்துகொள்வது, இரண்டு பை-இன் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவதைக் கையிலேயே கொண்டுபோவதில்லை. கட்டுப்பாடு எனக்கு மனசில் இருந்ததைவிடச் சட்டைப்பையில் இருந்தபோதுதான் வேலை செய்தது.

நடுவில், ஒரு பெரிய பாட் போனதும், ஒரு சுற்று வெளியே போய் நடந்துவிட்டு வருவேன். திரும்பி உட்கார்ந்ததும் ஒரு சோதனை. யாராவது பெட் செய்தால், கால் செய்ய எவ்வளவு வாய்ப்பு வேண்டும் என்று கணக்குப் போடுவேன். பாட்டில் 100 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார் என்றால் நான் 50 போட்டு மொத்தம் 200 ஆகும். ஆக 25 சதவீதம் ஜெயிக்க வாய்ப்பு இருந்தால் போதும். சின்னக் கணக்குதான். ஆனால் டில்ட்டில் இருப்பவனுக்கு இதைப் போடவே அலுப்பாக இருக்கும், "அட, போட்டுப் பார்ப்போம்" என்று சிப்ஸைத் தள்ளத் தோன்றும். அந்த அலுப்பு வந்தால் எனக்கு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். மறுபடி எழுந்துவிடுவேன்.

ஆன்லைனில் ஆடுகிறீர்கள் என்றால் இது இன்னும் மோசம், ஏனென்றால் சீட்டுப் போடும் இடைவெளிகூடக் கிடைப்பதில்லை. தோற்றவுடன் இன்னொரு மேசை திறக்கிறீர்களா, முறை வருவதற்கு முன்பே பொத்தானைத் தட்டி வைக்கிறீர்களா என்று கவனியுங்கள். அவை இரண்டும் எனக்கு மிகச் சரியான அறிகுறிகளாக இருந்தன.

மோசமாக ஆடி ஜெயித்தவர்மேல் வரும் எரிச்சலைப்பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சீட்டை நம்பி எல்லாவற்றையும் போடுகிறவருக்கு அது ஒருபோதும் விழாவிட்டால், அவர் இரண்டே வாரத்தில் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார். அப்புறம் மேசையில் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஆகவே தயவுசெய்து அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். "அதை வைத்துக்கொண்டு எப்படிக் கால் செய்தீர்கள்?" என்று நான் ஒருவரிடம் விளக்கமாகக் கேட்டேன். அவர் அதன்பிறகு கவனமாக ஆட ஆரம்பித்தார்.

எனக்கு ஆறவே நாளான கோபம் சொந்தத் தப்பின்மேல் வருவதுதான். ரிவரில் தவறாக ஃபோல்ட் செய்துவிட்டால் (சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால்) அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருப்பேன், அந்தத் திட்டலோடு ஆடி அடுத்த தப்பைச் செய்வேன். இதற்கு உதவியது ஒரு சின்ன நோட்டு. கையை நான்கு வரியில் எழுதி மூடிவிடுவேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று. மறுநாள் பார்த்தால் சிலது தப்பே இல்லை. மற்றவை நிஜமாகவே தப்பு, ஆனால் இப்போது உட்கார்ந்து படிக்க முடிகிறது. ஜெயிக்கும்போதும் இதே நோட்டைத் திறந்து பாருங்கள். வரிசையாக நான்கு பாட் ஜெயித்தவன் ஆடும் சீட்டுகளைப் பார்த்தால் டில்ட்டுக்குத் தோல்வியே தேவையில்லை என்று தெரியும்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தோற்றதை மீட்கக் கடன் வாங்குகிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள், ஆடாத நேரத்திலும் அதே யோசனை என்றால் மேலே நான் சொன்ன எதுவும் அதற்கு மருந்து இல்லை. அது சூதாட்டப் பழக்கம் பிடித்துக்கொண்டதன் அடையாளம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

கடைசியாக, என் நண்பன் போட்ட ஒரு விதி. தோற்ற கதை சொல்ல அவனுக்குத்தான் போன் செய்வேன். ஒரு கட்டத்தில் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், "இனிமே ரிவர் என்ன வந்துச்சுன்னு சொல்லாத. யாரு ஜெயிச்சான்னும் சொல்லாத. நீ என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லு" என்றான். அந்த ராத்திரிக் கைகளை அப்படியே சொன்னேன். ஏஸ் கையைக் கேட்டுவிட்டு, "சரியாத்தான ஆடியிருக்க, இதுல என்ன பிரச்சினை?" என்றான். அடுத்தது கிங்-ஒன்பது. ஃப்ளாப் வரைக்கும்கூட அவன் விடவில்லை. "ஸ்மால் பிளைண்ட்ல அதை எதுக்குடா கால் பண்ண?" என்று கேட்டான். ரிவரைச் சொல்லக்கூடாது என்பதால் என்னிடம் பதில் இல்லை.