வங்கி மேற்பார்வையும் அடிப்படை உரிமையும்: மகளின் தெரிவு குறித்து ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிராங்ஃபேர்ட்டில் ஐந்தாம் தவணையில் சட்டம் படிக்கும் உங்கள் மகள், சிறப்புத் துறையைத் தெரிவு செய்ய வேண்டிய இந்த வேளையில், ஐரோப்பிய வங்கி மேற்பார்வையையும் அடிப்படை உரிமைகளுக்கும் தனியார் சட்டத்துக்கும் இடையிலான உறவையும் சேர்த்துப் படிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வங்கிச் சட்டம் என்றால் வங்கியில் வேலை கிடைக்கும் என்பது உங்களுக்கு விளங்குகிறது. உரிமைச் சட்டம் என்றால் சம்பளம் குறைந்தாலும் நாலு பேருக்கு உதவலாம் என்பதும் விளங்குகிறது. இரண்டையும் ஏன் ஒன்றாகக் கலக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கலந்தது உங்கள் மகள் அல்லர். கடந்த முப்பது ஆண்டுகளில் நீதிமன்றங்களுக்கு வந்த வழக்குகளே அவற்றைக் கலந்துவிட்டன. அதை முதலில் விளக்கிவிட்டு, வேலை, பணம், பரீட்சை பற்றிய உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

தனியார் சட்டம் என்பது இரு தனியாட்களுக்கு இடையிலான சட்டம்: கடன், வாடகை, விற்பனை, பிணை. அடிப்படை உரிமை என்பது, பழைய பாடத்தின்படி, குடிமகனை அரசிடமிருந்து காப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருப்பதாகவே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1958 ஜனவரி 15ஆம் திகதி வழங்கிய லூத் தீர்ப்பில் அந்த மதிலில் ஒரு வாசலைத் திறந்தது. அடிப்படை உரிமைகளின் விழுமியங்கள், குடியியல் சட்டக்கோவையிலுள்ள பொதுவான வாசகங்களின் ஊடாகத் தனியார் உறவுகளுக்குள்ளும் பரவும் என்று அத்தீர்ப்பு கூறியது.

அந்த வாசல் வழியாக ஒரு வங்கிக் கடன் வந்து சேர்ந்தது 1993இல். நம் குடும்பங்களில் பிணைக் கையெழுத்து எப்படிப் போடப்படுகிறது என்பதை அறிந்த உங்களுக்கு இந்த வழக்கு உடனே புரியும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு தந்தை தன் தொழிலுக்காகக் கடன் எல்லையை ஐம்பதாயிரம் மார்க்கிலிருந்து ஒரு இலட்சம் மார்க்காக உயர்த்தக் கேட்கிறார். வங்கி, அவருடைய 21 வயது மகளைப் பிணையாளியாகக் கையெழுத்திடச் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தொழிற்பயிற்சி இல்லை, சொத்து இல்லை. மீன் பதனிடும் ஆலையில் மாதம் 1,150 மார்க் சம்பளம். கோப்புக்காகத்தான் இந்தக் கையெழுத்து, இதனால் பெரிய பொறுப்பு எதுவும் வராது என்று வங்கி ஊழியர் சொல்லியிருக்கிறார். தந்தையின் தொழில் சரிந்ததும் வங்கி மகளிடம் கேட்டது. வயது வந்தவர் போட்ட கையெழுத்து செல்லும் என்று உச்ச குடியியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 1993 ஒக்டோபர் 19ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு தரப்பின் பேரம் பேசும் வலு அடியோடு குறைந்திருக்கும்போது, அதனால் தாங்க முடியாத சுமையொன்று ஒப்பந்தமாகிவிட்டால், குடியியல் நீதிமன்றங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதே அதன் சாரம். ஒப்பந்தச் சுதந்திரம் என்பது இருவருக்கும் இருந்தால்தான் சுதந்திரம். என்னிடம் வரும் சட்ட மாணவர்கள் எல்லோரிடமும் இந்தத் தீர்ப்பை முழுமையாக வாசித்தீர்களா என்று கேட்பேன்.

இனி மேற்பார்வைப் பக்கம். நிதி நெருக்கடிக்குப் பின், 2014 நவம்பர் 4ஆம் திகதி முதல், யூரோ வலயத்தின் பெரிய வங்கிகளை நேரடியாகக் கண்காணிக்கும் பொறுப்பு பிராங்ஃபேர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிடம் வந்தது. பொதுவாகச் சொன்னால், 30 பில்லியன் யூரோவுக்கு மேல் சொத்துள்ள வங்கிகள் அதன் நேரடிப் பார்வையில் இருக்கின்றன. ஏனையவற்றைத் தேசிய அமைப்புகள் அதன் வழிகாட்டலின் கீழ் கவனிக்கின்றன. விழும் வங்கியைக் கையாள்வதற்குப் பிரஸ்ஸல்ஸில் ஒரு தனிச் சபை இருக்கிறது. வங்கிகளுக்கான பொது விதிகளை வகுக்கும் ஐரோப்பிய வங்கி அதிகாரசபை 2019இல் இலண்டனிலிருந்து பாரிசுக்கு இடம்மாறியது. இந்த அமைப்புகள் எடுக்கும் ஒவ்வொரு தீர்மானமும் யாரோ ஒருவரின் சொத்தையோ தொழிலையோ ஒப்பந்தத்தையோ தொடுகிறது. 2009 டிசம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய அடிப்படை உரிமைகள் சாசனம் சட்டவலுப் பெற்றிருப்பதால், அந்தத் தீர்மானங்கள் சாசனத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லத்வியாவில் ஒரு வங்கியின் அனுமதிப்பத்திரத்தை ஐரோப்பிய மத்திய வங்கி 2016இல் திரும்பப் பெற்றது. வங்கி வழக்குத் தொடுத்தது. இதற்கிடையில் அதைக் கலைக்க நியமிக்கப்பட்டவர், வழக்கை நடத்திய சட்டத்தரணிக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தையே நீக்கிவிட்டார். வங்கியை மூடுவதற்கென நியமிக்கப்பட்ட ஒருவர், அதை மூடுவது தவறு என்று வாதாடும் சட்டத்தரணியை விலக்குவது நீதியாகுமா? அப்படி விலக்கினால், சாசனத்தின் 47ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் நீதிமன்றப் பாதுகாப்பு அந்த வங்கிக்கு இல்லாமற் போகும் என்று 2019 நவம்பர் 5ஆம் திகதி லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்படும் முகவர் அதிகாரம் தனியார் சட்டம். அனுமதி நீக்கம் மேற்பார்வைச் சட்டம். நீதிமன்றத்தை அணுகுவது அடிப்படை உரிமை. மூன்றும் ஒரே தாளில் இருக்கின்றன.

உங்கள் மகளின் கேள்வி உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்தால் காணலாம். 2017 ஜூன் 7ஆம் திகதி, ஸ்பெயினின் பாங்கோ பொப்புலார் என்ற வங்கி ஒரே இரவில் தீர்வுநடவடிக்கைக்கு, அதாவது விழும் வங்கியை அதிகாரிகளே பொறுப்பேற்றுக் கையாளும் முறைக்கு, உட்படுத்தப்பட்டு, சந்தாந்தேர் வங்கிக்கு ஒரு யூரோவுக்கு விற்கப்பட்டது. பங்குகள் மதிப்பின்றிப் போயின. அதற்கு முந்தைய ஆண்டில் பங்கு வாங்கியவர்கள், பங்கு விற்பனைக்காக வங்கி வெளியிட்டுத் தமக்குக் காட்டிய விபரக்கொத்தில் பிழை இருந்தது என்று நட்டஈடு கேட்டனர். சாதாரண நாளில் இது தெளிவான குடியியல் உரிமை. ஆனால் 2022 மே 5ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தீர்வுநடவடிக்கைக்குப் பிறகு அத்தகைய வழக்கைத் தொடுக்க முடியாது என்றது. சொத்துரிமையும் நீதிமன்றப் பாதுகாப்பும் எல்லையற்றவை அல்ல, நிதி அமைப்பின் நிலைத்தன்மைக்காக அவற்றை மட்டுப்படுத்தலாம் என்பது அதன் காரணம். ஓராண்டு கழித்து, 2023 ஜூன் 15ஆம் திகதி, போலந்தில் சுவிஸ் பிராங்குடன் இணைக்கப்பட்ட வீட்டுக் கடன்கள் பற்றிய வழக்கு. நியாயமற்ற நிபந்தனைகளால் ஒப்பந்தம் செல்லுபடியற்றதானபின், கொடுத்த முதலுக்கும் சட்டப்படியான தாமத வட்டிக்கும் மேலாக வங்கி எதையும் கேட்க முடியாது என்றது அதே நீதிமன்றம். நிதிச்சந்தையின் நிலைத்தன்மை பாதிக்கப்படும் என்ற வாதம், நுகர்வோரைக் காக்கும் சட்டத்துக்குப் பொருள் கொள்ளும்போது பொருத்தமற்றது என்று அது ஒதுக்கியது.

முதல் வழக்கில் வென்ற வாதம் இரண்டாவதில் ஏன் தோற்றது? இரண்டு சட்டங்களின் நோக்கம் வேறு என்பது பாதி விடை. மீதிப் பாதியை எழுதுவதற்குத்தான் ஆய்வாளர்கள் தேவைப்படுகிறார்கள். அந்தப் பாதியை வங்கியின் பணிப்பாளர் சபைக்கும், மேற்பார்வையாளருக்கும், வீட்டை இழக்கவிருக்கும் கடனாளிக்கும் சரியாகச் சொல்லத் தெரிந்த சட்டத்தரணிக்கு வேலை இருக்காது என்று நான் நம்பவில்லை. உங்கள் மகள் தனக்கு எழுந்த ஒரு உண்மையான கேள்வியைப் பின்தொடர்கிறார் என்பது அவர் அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பிலேயே தெரிந்தது, அதனால் எனக்கு மகிழ்ச்சி.

வேலை பற்றி. ஐரோப்பிய மத்திய வங்கி பயிற்சிக்கும் பதவிக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையைக் கேட்கிறது. உங்கள் மகளிடம் ஜேர்மன் குடியுரிமை இருப்பதால் இங்கே தடை இல்லை. இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை என்பதை அவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் மனம் கனத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். ஆனாலும் அங்கே முதலில் கிடைப்பவை பெரும்பாலும் காலவரையறையுள்ள ஒப்பந்தங்கள். ஆகவே அந்தக் கட்டடத்தை மட்டும் குறிவைக்க வேண்டாம். ஜேர்மன் மத்திய வங்கியும், பொன், பிராங்ஃபேர்ட் ஆகிய இரு நகரங்களிலும் இயங்கும் பாஃபின் என்ற நிதி மேற்பார்வை அமைப்பும், ஐரோப்பிய மத்திய வங்கியின் கூட்டு மேற்பார்வைக் குழுக்களுக்குத் தம் ஊழியர்களை அனுப்புகின்றன. பணமோசடித் தடுப்புக்கான புதிய ஐரோப்பிய அதிகாரசபை 2025இல் பிராங்ஃபேர்ட்டிலேயே பணியைத் தொடங்கியது. 2028 முதல் அது சில நிறுவனங்களை நேரடியாகக் கண்காணிக்கும். இவற்றோடு பெரிய சட்ட நிறுவனங்கள், வங்கிகளின் சட்டப் பிரிவுகள், நுகர்வோர் அமைப்புகள், நீதித்துறை ஆகியவையும் உண்டு.

நுகர்வோர் பக்கத்தை இலேசாக எண்ண வேண்டாம். 2014ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம், புகலிடம் கோரியவர்கள் உட்பட, ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவர்களுக்கு அடிப்படை வங்கிக் கணக்கொன்றைத் திறக்கும் உரிமையை வழங்கியது. ஜேர்மனியில் அது 2016இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் முடிவாகாத காலத்தில் ஒரு கணக்குக்காக வங்கி வங்கியாக அலைந்த நம் முதல் தலைமுறையினருக்கு, வங்கியோடு ஒப்பந்தம் செய்வதே ஒரு உரிமையாக மாறியதன் பொருளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில், கடன் தகுதிப் புள்ளியைக் கணினி தானாகக் கணித்து, வங்கி அதையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படும் தானியங்கித் தீர்மானமாகும் என்று, ஜேர்மனியில் கடன் தகுதிப் புள்ளிகளைக் கணிக்கும் ஷூஃபா நிறுவனம் பற்றிய வழக்கில் அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்துறையில் வருங்காலத்தில் வேலை பெருகும் இடம் இதுவென்றே கருதுகிறேன்.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். உங்கள் மகள் தன் குறிப்பில் ஐரோப்பியத் தீர்ப்புகளை அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் பிணை பற்றிய குடியியல் சட்டக்கோவையின் விதிகளைத் தொடவேயில்லை. இது இந்த வயதுக்கு இயல்பானது, ஆனால் ஆபத்தானது. மேற்பார்வைச் சட்டத்துக்குள் போனாலும் தனியார் சட்டம் விடாது: ஐரோப்பிய மத்திய வங்கி, வேறெந்த ஐரோப்பிய நிறுவனமும் பொதுவாகச் செய்யாத ஒன்றாக, அந்தந்த நாட்டின் சட்டத்தையே சில இடங்களில் நேரடியாகப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம், கம்பனி, பிணை ஆகியவற்றில் கால் ஊன்றாதவர் அடிப்படை உரிமையைப் பேசினால் அது சொற்பொழிவாகவே நின்றுவிடும்.

சட்டப் படிப்பின் முடிவில் வரும் முதல் அரச பரீட்சைப் பெறுபேற்றில் எழுபது வீதம் அரசு நடத்தும் பகுதிக்கு, முப்பது வீதம் மட்டுமே சிறப்புத் துறைக்கு. மொத்தம் பதினெட்டுப் புள்ளிகளில் ஒன்பதைத் தாண்டியவர்களைத்தான் பெரிய சட்ட நிறுவனங்களும் நீதித்துறையும் முதலில் பார்க்கின்றன. அந்த எல்லையைத் தாண்டுபவர்கள் சிறு பகுதியினரே. ஆகவே சிறப்புத் துறையை அவர் விரும்பியபடியே தெரிவு செய்யட்டும், ஆனால் வாரத்தின் பெரும்பகுதி குடியியல் சட்டத்துக்கே போக வேண்டும். பரீட்சைக்குப் பின் இரண்டு ஆண்டு நீதித்துறைப் பயிற்சி இருக்கிறது. அதன் ஒரு கட்டத்தை வங்கி மேற்பார்வை அமைப்பொன்றிலும் இன்னொன்றை குடியியல் நீதிமன்றத்திலும் செலவிட்டால், எந்தப் பக்கம் தன் மனம் சாய்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கலாநிதிப் பட்டம் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். புளோரன்சுக்கு அருகே ஃபியசோலேயிலுள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவகம் இந்தத் தலைப்புக்கு மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று. அங்கே முனைவர் ஆய்வு நான்கு ஆண்டுகள், உறுப்பு நாடுகள் தம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றன. ஆனால் பேராசிரியர் பதவியை மட்டும் நம்பி அந்த வழியில் போனவர்கள் நாற்பது வயது வரை தற்காலிக ஒப்பந்தங்களில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீதித்துறைப் பயிற்சியின் முடிவில் வரும் இரண்டாவது அரச பரீட்சை கையில் இருந்தால் ஆய்வு அவருக்கு ஒரு தெரிவு. இல்லாவிட்டால் அது ஒரு பந்தயம்.

உங்கள் கடைசிக் கேள்வி, சேமித்து வைத்த பணத்தை இங்கிலாந்தில் ஒரு முதுமாணிக் கற்கைக்கு இப்போதே கட்டலாமா என்பது. வேண்டாம். பரீட்சைக்கு முன் எடுக்கும் வெளிநாட்டு முதுமாணி, அந்தப் புள்ளிகளை ஈடுசெய்யாது. முதலில் பல்கலைக்கழகமே இலவசமாக நடத்தும் பரீட்சைத் தயாரிப்பு வகுப்புகளிலும் மாதிரித் தேர்வுகளிலும் அவர் ஒரு தவணை தொடர்ந்து எழுதட்டும். குடியியல் சட்டத் தாள்களில் புள்ளிகள் எட்டுக்குக் கீழே நின்றால், அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியைத் தனியார் மீட்டல் வகுப்புக்குச் செலவிடுங்கள். மாதிரித் தேர்வின் பெறுபேறுகள் வந்ததும் மகளோடு என்னிடம் வாருங்கள். பிணை பற்றிய அந்த 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர் வாசித்து, குறிப்பெடுத்து வரட்டும்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்