"பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன ஆள் நான்தான்

கேள்வி: எனக்கு 29 வயது. தை மாதம் திருமணம். குழந்தை பெற்றுக்கொள்ள விருப்பமில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இதனால் பின்னாளில் எங்கள் உறவு கெட்டுவிடுமா?

உங்கள் மாப்பிள்ளை சொன்ன அதே சொல்லை 2009-இல் நானும் சொன்னேன். கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. இரண்டு வீட்டாரும் சம்மதித்த பிறகு, "தனியாகப் பேச வேண்டுமென்றால் பேசிக்கொள்ளுங்கள்" என்று அரை மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார்கள். எனக்கு 30 வயது, அவளுக்கு 28. காபி வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "எனக்குக் குழந்தை வேண்டாம். அம்மா படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பியையும் தங்கையையும் நான்தான் வளர்த்தேன். ஒரு முறை வளர்த்தாயிற்று. உங்களுக்குச் சரிப்படாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

நான் சொன்னது: "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்."

கைமாற்றுக் கேட்பவரிடமும் இதைத்தான் சொல்வோம். ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொல்லும் வாடகைக்காரரிடமும் இதைத்தான் சொல்வோம். சம்மதமா மறுப்பா என்று நாளைக்கு யாரும் நம்மைப் பிடித்துக் கேட்க முடியாது. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். என் மனதில் இருந்ததோ, "கல்யாணமானால் மாறிவிடுவாள்" என்பது. வாயால் சொல்லவில்லையே தவிர, அது பொய்தான்.

ஆகவே, குழந்தை வேண்டாம் என்ற முடிவு உறவைக் கெடுக்குமா என்று கேட்டால், எங்கள் விஷயத்தில் அது கெடுக்கவில்லை. அந்தச் சொல்தான் கெடுக்கப் பார்த்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் எந்தப் பிரச்சினையும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை, வாடகை வீடு, ஞாயிறு என்றால் பேரூர் கோயில் அல்லது சினிமா. மூன்றாவது ஆண்டில் தொலைபேசியில் "விசேஷம் உண்டா?" ஆரம்பித்தது. பெரியம்மா, சித்தி, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் அந்த ஒரே கேள்விதான். எல்லோருக்கும் நான் ஒரே பதிலை வைத்திருந்தேன்: "டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்."

எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் எனக்குத் தொல்லை நின்றது. ஆனால் அதை நான் சொன்ன நாளிலிருந்து, ஊரில் எல்லோர் மனதிலும் குறை அவளுக்குத்தான். இருவரில் யாருக்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா திருக்கருகாவூர் போக ஆரம்பித்தார். எங்கள் ஊருக்குப் பக்கம்தான், பாபநாசம் வழியாகப் போக வேண்டும். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் படி மெழுகிக் கோலம் போட்டு, நெய்ப் பிரசாதம் வாங்கி, டப்பாவில் அடைத்துக் கோயம்புத்தூருக்குக் கொடுத்தனுப்புவார். கணவனும் மனைவியுமாக 48 நாள் சாப்பிட வேண்டும். நாங்கள் சாப்பிடவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சமையலறை மேல்தட்டில் டப்பாக்கள் சேர்ந்தன. முட்டி வலியோடு பஸ் ஏறிப் போய் வந்த ஒருவரின் உழைப்பு அது. "உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பாவம்" என்று என் மனைவி ஒவ்வொரு டப்பா வரும்போதும் சொன்னாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

2013-இல் என் தங்கைக்கு வளைகாப்பு. மனையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி, வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் எழுந்தாள். உறவில் மூத்த ஒருவர் அவள் கையை மெதுவாகப் பிடித்து, "நீ அப்புறம் போடலாம் அம்மா, உட்கார்" என்றார். குரலில் விஷமில்லை, பரிவுதான் இருந்தது. அண்ணி எங்கே என்று தங்கை தேடியது எனக்குத் தெரிந்தது. கையில் எடுத்த இரண்டு கண்ணாடி வளையல்களையும் தட்டிலேயே வைத்துவிட்டு என் மனைவி தூணருகே போய் நின்றாள். கூடத்துக்கு வெளியே, வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவுதான் மொட்டை மாடியில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் குறை எதுவும் இல்லை, எனக்கும் இல்லை, வேண்டாம் என்று இருக்கிறோம், கல்யாணத்துக்கு முன்பே அவள் என்னிடம் சொல்லிவிட்டாள், நான்தான் மறைத்தேன்.

அழுவார், சாபமிடுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது வேறு: "அந்த நெய்யை என்ன செய்தீர்கள்?"

அலமாரியில் இருக்கிறது என்றேன். "இத்தனை தடவை பஸ்ஸில் போய் வந்தேனே. ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. என் மனைவிக்கு ஒரே வாரத்தில் போன் செய்தார். அவள் சொல்லித்தான் தெரியும்: "உன்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்க விட்டுவிட்டு அவன் சும்மா இருந்தானே, நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றாராம். "அவர் சொல்வார் என்று காத்திருந்தேன் அத்தை" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எங்கள் முடிவில் இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் மாமியார் மருமகள் உறவு அந்த போனுக்குப் பிறகுதான் நிமிர்ந்தது.

ஊரின் மனக்கணக்கு எனக்கு இன்றும் விளங்குவதில்லை. "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதினார்கள், கேட்டுக்கொண்டோம். பிறகு ஒன்றே போதும் என்றார்கள், அதையும் கேட்டுக்கொண்டோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். ஆறு ஏழு பெற்ற பாட்டிகளின் பேத்திகள் ஒன்றோடு நிறுத்தும்போது யாரும் வம்சம் அழிந்ததாக அழுவதில்லை. ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் அந்தக் கடைசிப் படியில் மட்டும் ஊரே கூடி நின்று வழி மறிக்கிறது. இத்தனைக்கும் பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, நாட்டின் வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ மட்டும் கேட்கவில்லை, பெண்ணின் விடுதலைக்காகவே கேட்டார்.

இனி எனக்கே தடுமாற்றம் வந்த கதை. இதை மறைத்தால் பதில் பொய்யாகிவிடும்.

37 வயதில் எனக்குக் குழந்தை வேண்டும் போல் இருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் மகளைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்த நாளில் தொடங்கியது என்று நினைவு. இரண்டு மாதம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளே கேட்டாள். சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "உறுதியாக வேண்டும் என்றால் சொல்லுங்கள், பிரிவதைப் பற்றிக்கூடப் பேசலாம். நச்சரித்து மட்டும் என்னை மாற்றப் பார்க்காதீர்கள். அப்படிப் பெற்றால் அந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வரும்" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தங்கை தன் மகனை எங்களிடம் விட்டுவிட்டு மாமனாரின் சிகிச்சைக்காக வேலூர் போக வேண்டியிருந்தது. பையனுக்கு மூன்று வயது முடியவில்லை. ஒன்பது நாள். விடுப்புப் போட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சவால்விட்டேன். முதல் நாள் பூங்கா, பொம்மை, படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்புவது. இரண்டாம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், இரவு அவன் அழுததும், அவள் எழுந்து துணி மாற்றியதும், கஞ்சி காய்ச்சியதும் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றாகத் தூங்கியிருக்கிறேன். வாரக் கடைசியில் என்னிடம் மிச்சமிருந்தது பூங்கா மட்டும்தான்.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்றது. அதைச் செய்தித்தாளில் படித்தபோது அந்த ஒன்பது நாள்தான் ஞாபகம் வந்தது. நான் ஆசைப்பட்டது என் மனைவி வளர்த்துத் தரும் ஒரு குழந்தைக்கு. சைக்கிள் கம்பியில் உட்கார வைப்பதற்கு. எல்லா ஆண்களும் அப்படி என்று சொல்ல மாட்டேன். தங்கையின் கணவர் பையனைக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது எல்லாம் செய்கிறவர். அவர் "எனக்குக் குழந்தை வேண்டும்" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் தட்டை யார் கழுவுகிறார்கள் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு, 2018-இல், நான் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஒன்பது ஆண்டுகளாக மாத்திரை, காப்பர்-டி என்று எல்லாவற்றையும் அவள் உடம்பில்தான் ஏற்றியிருந்தோம். ஆண்களுக்கானது கத்தி வைக்காத எளிய முறை, அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். உடனே பலன் தராது. மூன்று மாதம் வரை வேறு தடுப்பு முறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. தனியார் மருத்துவர் ஒருவர் இரண்டு முறை பேசி, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி, மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். நாடு முழுவதும் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்ட குடும்பங்கள் 100-க்கு ஒன்றுகூட இல்லை, 0.3 சதவீதம். அலுவலகத்தில் விஷயம் கசிந்தபோது கிடைத்த கிண்டலைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

நண்பர்கள் குறைந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அவர்கள் பேச்சு பள்ளிச் சேர்க்கைக்கும் நீட் பயிற்சிக்கும் போய்விட்டது, அவ்வளவுதான். இப்போது பிள்ளைகள் வெளியூர் படிக்கப் போனதும் சிலர் திரும்ப வருகிறார்கள்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வீடு பிறகு யாருக்கு?" கசப்பாக இருந்தாலும் நல்ல கேள்வி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளை இல்லாத ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும் தாய்க்கும் சம பங்கு. பிள்ளை இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து கணவனுக்குப் போகும். கணவனும் இல்லையென்றால், அவளைப் பெற்றவர்களுக்கு முன்பாகக் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். தன் சம்பளத்தில் வாங்கிய மனை, தான் வளர்த்த தம்பி தங்கையைத் தாண்டி என் பக்கத்து உறவுக்குப் போகும் என்று தெரிந்த அன்றே என் மனைவி உயில் எழுதினாள். நீங்களும் எழுதுங்கள், இதற்கு வயதாக வேண்டியதில்லை.

இன்னொரு சட்ட விஷயம், உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது. 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணத்துக்குப் பின் கணவனோ மனைவியோ தன்னிச்சையாகக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பது மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்றது. அதாவது விவாகரத்துக்குக் காரணமாகலாம். 2009-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது, திருமணத்துக்கு முன் சொல்வதற்கும் பின் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது என்பதே. நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள். முத்திரைத் தாளில் எழுதி வாங்கச் சொல்லவில்லை. ஆனால் தைக்குள் அவர் வாயிலிருந்து "சரி" அல்லது "முடியாது" என்று ஒரு சொல் வர வேண்டும். "முடியாது" என்று வந்தால் அவர் நல்லவர், கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். "சரி" என்று வந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: "உங்கள் அம்மாவிடம் யார் சொல்வது?" அதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நான் சொன்ன வளைகாப்பை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வருத்தம் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்கு எப்போதாவது உண்டு, பெரும்பாலும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு, தெருவில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தும்போது. அவளுக்கு இல்லை என்கிறாள், நம்புகிறேன்.

இதை எழுதி முடித்து அவளிடம் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னாள். பூங்காவுக்கும் அவள்தான் கூட்டிப்போனாளாம், நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனாம். வளைகாப்பில் வளையல் போட விடாததைக்கூட அவள் மறந்துவிட்டாளாம். அவள் தூணருகே நின்றுகொண்டிருந்தபோது நான் பந்தியில் போய் உட்கார்ந்து, புளியோதரை இன்னொரு கரண்டி கேட்டதைத்தான் இன்னும் மறக்கவில்லையாம்.