தொகுதியை இரண்டாகப் பிரிக்க யாரிடம் மனு கொடுப்பது?

கேள்வி: சோழிங்கநல்லூர் தொகுதியில் இருக்கிறோம். ஐந்து லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், ஒரே எம்எல்ஏ. பேரவையில் தீர்மானம் போட்டு 234-ஐக் கூட்ட முடியாதா? எங்கள் நலச்சங்கம் யாருக்கு மனு அனுப்ப வேண்டும்?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: முதல்வருக்கு அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம். இதில் மாநில அரசுக்கு அதிகாரம் கிடையாது. பேரவையே ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது டெல்லிக்கு வைக்கும் வேண்டுகோள், அவ்வளவுதான். மேலவையைக் கொண்டுவரவும் கலைக்கவும் பேரவைத் தீர்மானம் வேண்டும் என்பதால், இதுவும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அரசியல் சாசனத்தின் 170-வது பிரிவு ஒரு மாநிலப் பேரவைக்கு 500 பேர் வரை அனுமதிக்கிறது. ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை. தடை வேறு. 1976-ல் வந்த 42-வது திருத்தம், 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 84-வது திருத்தம் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை நீட்டித்தது. நமக்கு 1967 தேர்தலிலிருந்தே 234 தான். 1971-ல் மக்கள்தொகை 4.12 கோடி, எம்எல்ஏ ஒருவருக்குச் சுமார் 1.76 லட்சம் பேர். 2011-ல் 7.21 கோடி, ஒருவருக்கு 3.08 லட்சம்.

ஆந்திரத்தின் கதையைக் கேளுங்கள். 2014 மறுசீரமைப்புச் சட்டத்திலேயே ஆந்திரத்துக்கு 175-லிருந்து 225, தெலங்கானாவுக்கு 119-லிருந்து 153 என்று எழுதிவிட்டார்கள். கூடவே '170-வது பிரிவுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் எல்லாம் நின்றுபோனது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 83-ஐ 90 ஆக்கினீர்களே என்று வழக்குப் போட்டார்கள். அது யூனியன் பிரதேசம், 170 அதற்குப் பொருந்தாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

மொத்தம் கூடாமலும் தொகுதி பிரியலாம். 2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறையில் சென்னை மாவட்டத்தின் 14 தொகுதிகள் 16 ஆயின. 234 அப்படியே இருந்தது. வேறெங்கோ குறைந்தது என்றுதானே அர்த்தம்? உங்கள் தொகுதியே அப்போது பிறந்ததுதான். ஆனால் இந்த வேலையை எல்லை மறுவரையறை ஆணையம் மட்டுமே செய்ய முடியும். தேர்தல் ஆணையம் தானாகச் செய்யாது. மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொதுக் கூட்டமும் நடத்தும். அந்த ஆணையம் அமைந்து வேலை செய்யும்போது, உங்கள் மனு போக வேண்டிய இடம் அது. 'எங்கள் பகுதிக்கென்று ஒரு தொகுதி வேண்டும்' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதாதீர்கள். எந்தெந்த வார்டு, ஒவ்வொன்றிலும் கணக்கெடுப்பின்படி எத்தனை பேர், எந்தச் சாலையை எல்லையாக வைக்கலாம் என்று வரைபடத்தோடு கொடுங்கள். இறுதி ஆணை வந்த பிறகு நீதிமன்றத்தில் அதை அசைப்பது கஷ்டம்.

இப்போதைக்கு முடிகிற காரியம் வாக்குச்சாவடி. ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அளவு. தேர்தலுக்கு முன் வரைவுச் சாவடிப் பட்டியல் வெளியாகும்போது உங்கள் சாவடியின் வாக்காளர் எண்ணிக்கையைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால், பக்கத்தில் உள்ள பள்ளியின் பெயரையும் குறிப்பிட்டு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மனு கொடுங்கள்.