முதல் நாளே கண்ண மூட சொல்ல மாட்டேன்: ஸ்போர்ட்ஸ் ஹிப்னோதெரபி கேள்வி பதில்

வணக்கம். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சென்னைல விளையாட்டுக்காரங்களோட வேலை செய்றேன், ஹிப்னாஸிஸ் அதுல ஒரு பகுதி. புதுசா ஒருத்தர் வந்தா எப்படி அசெஸ் பண்றீங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க, அதனால இன்னைக்கு அது மட்டும்தான். உதாரணமா சொல்றது எதுவும் ஒரே ஆளோட கதை இல்ல, பல பேரத கலந்து சொல்றேன்.

புது தெரபிஸ்ட், அண்ணா நகர்: மேடம், முதல் செஷன்லயே இண்டக்‌ஷன் பண்ணிடலாமா, அதாவது கண்ண மூட வெச்சு ஹிப்னாஸிஸுக்குள்ள கொண்டு போயிடலாமா? வெறும் பேச்சோட அனுப்பினா திரும்பி வர மாட்டேங்கறாங்க.

நான் பண்றதில்ல. வந்த பிரச்சனைக்கும் ஹிப்னாஸிஸுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கறதுக்கே அந்த ஒன்னரை மணி நேரம் சரியா போயிடும். லீக் ஆடற ஒரு ஸ்பின்னர் வர்றார்னு வைங்க, "மேடம், பால் கைய விட்டு போக மாட்டேங்குது, ஒன்னு ஃபுல் டாஸ் இல்ல கால்கிட்டயே குத்துது"ங்கறார். உடனே இது கான்ஃபிடன்ஸ் பிரச்சனைன்னு எழுதிடாதீங்க. கடைசியா அப்படி போன ஒரே ஒரு பால பத்தி கேளுங்க, எந்த கிரவுண்டு, எத்தனாவது ஓவர், பேட்ஸ்மேன் யாரு, ரன்-அப் ஆரம்பிக்கறப்பவே தெரிஞ்சுதா இல்ல கை மேல வந்தப்பறமா. அப்பறம் நெட்ஸ்ல வருதா, ஆளே இல்லாம ஒத்த ஸ்டம்ப வெச்சு போட்டா வருதா, கோச் வந்து நின்னா வருதா. இதெல்லாம் முடிச்சுட்டு சும்மா கேக்கற மாதிரி கேளுங்க, கையெழுத்து போடும்போது, சட்டை பட்டன் மாட்டும்போது விரல் இழுக்குதா? தனியா போட்டாலும் இழுக்குது, பேனா புடிச்சாலும் இழுக்குதுன்னா ஃபோக்கல் டிஸ்டோனியாவா, அதாவது ஒரு பகுதி தசை தானா இழுத்துக்கற நரம்பு பிரச்சனையா இருக்கலாம், முதல்ல நியூராலஜிஸ்ட்தான். மேட்ச்ல நாலு பேர் பாக்கும்போது மட்டும் வருதுன்னா அது நம்ம ஏரியா. நல்லா பழகின அசைவு திடீர்னு கைக்கு வராம போறத யிப்ஸ்னு பொதுவா சொல்றோமே, அதுல ஒரு கோடில நரம்பு, மறு கோடில டென்ஷன், நடுவுல ரெண்டும் கலந்து இருக்கறவங்களும் உண்டு, அவங்கள நியூராலஜிஸ்ட்டும் நாமளும் சேந்து பாக்கணும்.

காசு விஷயம், அசெஸ்மெண்ட்னு தனியா ஃபீஸ் போட்டு போன்லயே சொல்லிடுங்க. மேஜிக் எதிர்பாத்து வர்றவர் அங்கயே கழண்டுடுவார், நல்லதுதான்.

கேரம் கோச், ராயபுரம்: ஆள் ஹிப்னாஸிஸுக்கு மடங்குவாரான்னு டெஸ்ட் பண்ணுவீங்களா?

ஸ்டான்ஃபோர்ட் ஸ்கேல்னு ஒன்னு 1959-ல இருந்தே இருக்கு சார், 12 ஐட்டம், முழுசா பண்ணா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஆராய்ச்சிக்கு நல்லது, ப்ளேயருக்கு நான் அவ்ளோ தூரம் போறதில்ல. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல காந்தம் இருக்கற மாதிரி நினைக்க சொல்றது, ஒரு கை கனமாகறதா நினைக்க சொல்றது, இந்த மாதிரி ரெண்டு மூனு போதும், அதையும் ரெண்டாவது விசிட்லதான். பெரும்பாலானவங்க நடுத்தரம்தான். ரொம்ப கம்மியா வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன், மூச்சு, ஷாட்டுக்கு முன்னாடி ரொட்டீன்னு வேற வழி இருக்கு.

எனக்கு அத விட முக்கியம், மனசுல எப்படி பாக்கறாங்கங்கறது. உங்க பசங்ககிட்டயே பண்ணி பாருங்க, போர்டு முன்னாடி உக்காந்திருக்கறதா நினைக்க சொல்லுங்க. நிறைய பேர் தன்னையே எதிர்ல இருந்து வீடியோ பாக்கற மாதிரி பாப்பாங்க. இன்னும் சில பேருக்கு நகத்துக்கு அடியில ஸ்ட்ரைக்கரோட விளிம்பு, உள்ளங்கைல பவுடரோட வழவழப்புன்னு உள்ள இருந்து வரும், அப்ப கண்ணு மூடி இருக்கும்போதே அடிக்கற விரல் லேசா துடிக்கும். நான் முகத்த பாக்கறதே இல்ல, அந்த விரலத்தான் பாப்பேன். துடிக்கலன்னா முதல்ல இமேஜரி பயிற்சி, அதாவது இப்படி மனசுல உள்ள இருந்து உணர பழகறது, ஹிப்னாஸிஸ் அப்பறம்.

நீச்சல் பொண்ணோட அம்மா, வேளச்சேரி: பொண்ணுக்கு 13 வயசு, ப்ராக்டிஸ்ல நல்ல டைமிங், மீட்ல மட்டும் ரெண்டு செகண்ட் கூடுது. சும்மா ரிலாக்சேஷன் கிளாஸ்னு சொல்லி கூட்டிட்டு வரட்டா?

வேணாம்மா, உண்மைய சொல்லியே கூட்டிட்டு வாங்க. உங்க கையெழுத்தும் வேணும், அவ சம்மதமும் வேணும், அவ மாட்டேன்னா நான் பண்ண மாட்டேன். உங்ககிட்ட தனியா பேசுவேன், அவகிட்டயும் தனியா பேசுவேன், அந்த டைமிங் குறையணும்ங்கற ஆசை யாரோடதுன்னு அப்பதான் தெரியும். சாப்பாடு, தூக்கம், எடைய பத்தி யாராவது கமெண்ட் அடிக்கறாங்களா எல்லாம் கேப்பேன். பீரியட்ஸ் ஆரம்பிச்சு இடையில மூனு மாசமா நின்னிருந்தா முதல்ல டாக்டர், பயிற்சிக்கு ஏத்த சாப்பாடு உடம்புக்கு போகலன்னாலும் அப்படி ஆகும், டைமிங்கும் கெடும். இன்னொன்னு, அவளுக்கு யாராவது பாலியல் தொந்தரவு குடுத்தது தெரிஞ்சா போக்ஸோ சட்டப்படி நான் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், இத ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுவேன்.

ரைஃபிள் ஷூட்டர்: கை நடுங்குதுன்னு டாக்டர் ப்ரொப்ரானலால் எழுதினார். உங்ககிட்ட சொல்லணுமா?

கண்டிப்பா. அது பீட்டா ப்ளாக்கர், இதய துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கற மருந்து, ஷூட்டிங்லயும் ஆர்ச்சரிலயும் போட்டி நடக்கற நாள் மட்டும் இல்ல, எப்பவுமே தடை. நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து, எழுதின டாக்டர்கிட்ட இன்னைக்கே பேசுங்க. ஹிப்னாஸிஸுக்கு தடை இல்ல.

சைக்காலஜி மாணவி, குரோம்பேட்டை: அக்கா, என்ன ஃபார்ம் எல்லாம் குடுப்பீங்க?

போட்டி பதட்டத்துக்கு ஸ்காட்னு ஒரு ஃபார்ம், மார்ட்டன்ஸ்ங்கறவர் 1977-ல போட்டது, 15 கேள்வில அஞ்சு சும்மா, அதுக்கு மார்க் கிடையாது, ஸ்கோர் 10-ல இருந்து 30 வரைக்கும். கூடவே மன அழுத்தத்துக்கு (டிப்ரஷன்) பி.ஹெச்.க்யூ-9, பொதுவான பதட்டத்துக்கு ஜி.ஏ.டி-7. இங்கிலீஷ் வராத பசங்களுக்கு நானே தமிழ்ல படிச்சு சொல்லுவேன், அப்படி சொன்னா அந்த நம்பர கறாரா எடுத்துக்காதம்மா, பேச்சுக்கு ஒரு ஆரம்பம், அவ்ளோதான். பி.ஹெச்.க்யூ-வோட கடைசி கேள்வி சாகறத பத்தினது. அதுல பூஜ்யம் தவிர எத டிக் பண்ணாலும் அன்னைக்கு பெர்ஃபார்மன்ஸ் பேச்சே கிடையாது, பாதுகாப்பு மட்டும்தான், வீட்ல யாரு இருக்காங்க, சைக்கியாட்ரிஸ்ட் இன்னைக்கே கிடைப்பாரா, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 போன்ல சேவ் ஆகியிருக்கா. சைக்கோசிஸ் (நிஜத்தோட தொடர்பு விட்டு போறது), மேனியா (அளவு மீறின உற்சாகம்) இருந்தாலும் ஹிப்னாஸிஸ் கிடையாது. ஃபிட்ஸ் இருந்தா, சமீபத்துல தலைல அடிபட்டிருந்தா டாக்டர் லெட்டர் வேணும்.

ரன்னர், அடையார்: ஜனவரி மாரத்தானுக்கு முழங்கால் வலி தெரியாம பண்ணி விட முடியுமா?

பண்ண மாட்டேன் சார். வலி எதனாலன்னு முதல்ல தெரியணும், ஸ்கேன் ரிப்போர்ட்டோட வாங்க.

ஃபுட்பால் ப்ளேயர், வியாசர்பாடி: சின்ன வயசுல ஏதோ நடந்ததாலதான் பெனால்டி மிஸ் பண்றேன், ஹிப்னாஸிஸ்ல தோண்டி எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார்.

தம்பி, அவர்கிட்ட போகாதீங்க. ஹிப்னாஸிஸ்ல வர்ற ஞாபகம் எல்லாம் நிஜம்னு இல்ல, நடக்காதது கூட நடந்த மாதிரி பதிஞ்சுடும், அதுவும் அடிச்சு சொல்ற அளவுக்கு. பந்த வெச்சதுக்கும் உதைச்சதுக்கும் நடுவுல உங்க கண்ணு எங்க போச்சுன்னு சொல்லுங்க, நான் அங்க இருந்து ஆரம்பிப்பேன்.

கிளப் மேனேஜர்: ஃபீஸ் நாங்க கட்டறோம், அசெஸ்மெண்ட் ரிப்போர்ட் எங்களுக்கு வருமா?

ப்ளேயர் எழுதி குடுத்தா, அவர் சரின்னு சொன்ன பகுதி மட்டும் வரும். எத மாத்த போறோம், அத எப்படி எண்ண போறோம்னு ஒரு பேப்பர்ல அவரும் நானும் எழுதுவோம், உதாரணமா ஸ்பெல்லுக்கு எத்தனை வைட், அதுவும் ஸ்கோர் புக்ல இருந்து, அவர் மூட் எப்படி இருக்குன்னு கேட்டு இல்ல. அத வேணா காட்ட சொல்லி கேட்டு பாருங்க. மத்தபடி அவர் என்கிட்ட வந்தாரா இல்லயான்னு கூட அவர கேக்காம சொல்ல மாட்டேன், இன்வாய்ஸ் உங்க பேர்ல இருந்தாலும்.