போதையை விடச் சிகிச்சை மாத்திரை எடுத்துக்கொண்டே என் அண்ணன் போதை ஊசியும் போடுகிறார். சிகிச்சை வீண்தானா?

இல்லைங்க, வீண் இல்லை. என் தம்பி விஷயத்தில் நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். ஹெராயின் மாதிரி போதையை விடத் தரும் மாத்திரையான புப்ரெநார்ஃபினைத் தம்பி எடுக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம், அவன் முழங்கை மடிப்பில் புதுப் புள்ளியைப் பார்த்துவிட்டேன். வளவில் நின்று கத்தினேன். அப்பத்தாதான், "கத்தாதடா, என்னன்னு கேளு" என்று என்னை உட்கார வைத்தது.

கேட்டேன். கொப்புடையம்மன் கோயில் திருவிழாச் சமயத்தில் மூன்று நாள் மாத்திரைக்குப் போகவில்லை. உடம்பு முறுக்க ஆரம்பித்ததும், பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கிறான். "என் ஊசியைத்தாண்ணே போட்டேன், யாரோடதும் வாங்கல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் போதை மருந்தைக் கரைத்தது ஒரே மூடியில், தண்ணீரும் பஞ்சும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதுவும் பகிர்வதுதான் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றிக்கொள்ள. அந்தக் கிருமி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. அளவு போதவில்லை என்றாலும் மாலையில் தேட்டம் வரும் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார். ஊசி போட்டான் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரை தொடர்ந்தால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பே ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

அப்புறம் பரிசோதனை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம். தம்பிக்கு இல்லை என்று வந்தது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். ஹெபடைடிஸ் சி மட்டும் இருந்தது. அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் குணமாக்க மாத்திரை உண்டு. 2018 முதல் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். 12 வாரத்தில் சரியானது. ஒரு முறை குணமானால் மறுபடி வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பழையபடி ஒரே மூடியில் கரைத்தால் மறுபடி வரலாம்.

இன்னொன்று, மிக முக்கியம்: தூக்க மாத்திரையோ மதுவோ இந்தச் சிகிச்சை மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். அண்ணனிடம் அதையும் கேளுங்கள்.

"இன்னும் விடலையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை நாள் மாத்திரை தவறியது, தண்ணீர் யாருடையது, மூடி யாருடையது என்று கேளுங்கள். போதை மீட்புக்கு 14446 இலவச எண். வீட்டார் பேசினாலும் பதில் சொல்வார்கள்.