நடிக்க வாய்ப்புத் தேடுபவர் எப்படிப்பட்ட புகைப்படங்கள் வைத்திருக்க வேண்டும்? அவற்றை எப்போது மாற்ற வேண்டும்?

கேட்டவர் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து துணை வேடங்களுக்கு முயல்பவர். ஒரு ஸ்டுடியோவில் பெரிய ஆல்பம் போட்டுத் தருகிறோம் என்கிறார்களாம். எடுக்கலாமா, ஒருமுறை எடுத்தால் எத்தனை ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார்.

ஆல்பம் வேண்டாம். ஐந்தாறு நல்ல படங்கள் போதும். அவற்றில் இருப்பது இன்றைய உங்கள் முகமாக இருக்க வேண்டும்.

நான் சில படங்களில் உதவி இயக்குநராக இருந்தபோது, துணைப் பாத்திரங்களுக்கு ஆள் தேடும் வேலை என் பொறுப்பில் இருந்தது. இப்போது சென்னை சாலிகிராமத்தில் நடிகர்களுக்குப் புகைப்படம் எடுக்கிறேன். அதனால் படத்தை அனுப்புபவரின் தவிப்பும் தெரியும், அதைப் பார்ப்பவரின் அவசரமும் தெரியும்.

பாத்திரப் பட்டியல் கைக்கு வந்ததும் உதவி இயக்குநர் முதலில் கணினியில் ஃபோல்டர்களைத் திறப்பார். 'நாயகியின் அப்பா', 'ஏட்டு', 'வில்லனின் ஆட்கள்', 'டீக்கடைக்காரர்' என்று பெயர் வைப்பார். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வந்து குவியும் முகங்களை அவற்றில் பிரித்துப் போடுவார். ஒரு முகத்துக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நொடிகளில் அவர் அழகைத் தேடுவதில்லை. இவர் காக்கிச் சட்டை போட்டால் பார்ப்பவர்கள் நம்புவார்களா, இந்தப் பெண் நாயகனுக்கு அக்காவாகத் தெரிவாரா என்றுதான் பார்ப்பார். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, பைக்கில் சாய்ந்து, தாடையில் கை வைத்து நிற்கும் படம் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாது.

அதைவிடப் பெரிய கேடு, முகத்தை வெள்ளையாக்குவது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எத்தனையோ ஸ்டுடியோக்களில் கேட்காமலேயே நிறத்தை ஏற்றிவிடுகிறார்கள். தழும்பை அழிக்கிறார்கள், தோலை மொழுமொழுவென்று ஆக்கிவிடுகிறார்கள். ஒரு படத்துக்காகக் கடலோரக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் பாத்திரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். தோழி ஒருவருக்குத் துணையாக அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் வாசலோரமாக நின்றிருந்தார். நல்ல கறுப்பு நிறம். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பழைய தழும்பு. பேசாமல் நின்றாலே ஏதோ சொல்ல வருவதுபோன்ற கண்கள். இயக்குநர் அவரைப் பார்த்ததும் யார் என்று விசாரித்தார். பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவருடைய படம் பல நாட்களாக எங்கள் கணினியிலேயே இருந்திருக்கிறது. பால் நிறத்தில், தழும்பில்லாத முகத்தோடு. அந்தப் படத்தைப் பார்த்து அவரைக் கண்டுபிடிக்க எங்களில் எவராலும் முடிந்திருக்காது.

கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு வேலையும் பார்த்தவர் விஜய் சேதுபதி. அவருடைய முகம் கேமராவுக்கு ஏற்ற முகம் என்று பாலு மகேந்திரா சொன்னதாகப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்கை வெளிச்சத்தில் படம்பிடிப்பதை விரும்பிய ஒளிப்பதிவாளர் அவர். கேமராவுக்கு ஏற்ற முகம் என்பதற்கும் சிவப்பு நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் இது இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே, நிறத்தையும் தழும்பையும் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். நேற்று வந்த பருவை வேண்டுமானால் நீக்கலாம், அது அடுத்த வாரம் தானே போய்விடும். மச்சம், தழும்பு, சுருக்கம், பல் இடைவெளி எல்லாம் உங்களோடு ஆடிஷனுக்கு வரப்போகிறவை. அவை படத்தில் இருக்கட்டும்.

இணையத்தில் 'ஹெட்ஷாட்', அதாவது நடிகரின் முகப்படம், என்று தேடினால் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்கங்களே வரும். அமெரிக்காவில் 8×10 அங்குலப் படத்தின் பின்புறம் நடிகரின் விவரத்தாளைச் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் 1927 முதல் இயங்கிவரும் 'ஸ்பாட்லைட்' என்ற நடிகர் பட்டியலில் படத்தோடு பெயர் இருப்பது அங்குள்ள நடிகர்களுக்கு அடிப்படைத் தேவை. அங்கே தோள்வரை தெரியும் ஒற்றைப் படத்துக்குத்தான் மதிப்பு. நம் ஊரில் அது மட்டும் போதாது. இங்கே உயரத்தையும் உடல்வாகையும் முதலிலேயே பார்த்துவிடுவார்கள்.

ஆகவே தலையும் தோளும் தெரியும் க்ளோஸ் அப் ஒன்று எடுங்கள். வாய் மூடியிருக்கட்டும், பார்வை நேராக லென்ஸில் இருக்கட்டும். அதையே பல் தெரியச் சிரித்து இன்னொன்று. பக்கவாட்டு முகம் ஒன்று. வீட்டில் உடுத்தும் சாதாரண உடையில் இடுப்புவரை ஒன்று. தலை முதல் கால்வரை நேராக நிற்பது ஒன்று. தாடி இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் தாடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தாடியை மழித்து மீசையோடு எடுங்கள். மனமிருந்தால் கடைசியாக மீசையையும் எடுத்துவிட்டு ஒன்று. ஒரே நாளில் மூன்று தோற்றங்கள் கிடைத்துவிடும். இதற்கு நாள் குறிக்கும்போது, வேறு படப்பிடிப்பில் கன்டினியூட்டி, அதாவது முன்பு எடுத்த காட்சியில் இருந்த அதே தோற்றத்தில் வர வேண்டிய வேலை, பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் படத்தில் தாடியை எடுத்துவிட்டு நின்றவரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பணமில்லை என்றால் கைப்பேசியே போதும். வீட்டில் வெயில் நேராக விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சற்றுப் பக்கவாட்டாக நில்லுங்கள். முகத்தின் மறுபக்கம் இருண்டு தெரிந்தால், அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நண்பர் பிடித்துக்கொள்ளட்டும். கருவிழியில் ஜன்னலின் சிறு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கண்ணும் உயிரில்லாமல் தெரியும். செல்ஃபி வேண்டாம். மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். நண்பர் ஆறேழு அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கட்டும். முகத்தை மெருகேற்றும் பியூட்டி மோடை மறக்காமல் அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்றால் கேமரா அந்த வெண்மையைக் கணக்கில் கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். மங்கிய நீலமோ பச்சையோ உடுத்துங்கள். எழுத்து போட்ட பனியன், பொடிக்கட்டம் போட்ட சட்டை இரண்டும் வேண்டாம்.

இனி, மாற்றுவது எப்போது? காலக்கணக்கைவிட முகக்கணக்குதான் முக்கியம். முடியைக் குறைத்தாலும், உடம்பு ஏறினாலும் இறங்கினாலும், பல்லுக்குக் கம்பி கட்டினாலும், நரை கண்டாலும் பழைய படம் காலாவதியாகிவிட்டது. எதுவும் மாறவில்லை என்று நினைப்பவர்கள்கூட ஆண்டுக்கு ஒருமுறை க்ளோஸ் அப்பையாவது புதிதாக எடுப்பது நல்லது. நம் முகத்தில் நேரும் மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. குழந்தை நட்சத்திரங்களுக்குச் சில மாதங்களே கணக்கு. ஒரு பால்பல் விழுந்தால் முகமே மாறிவிடுகிறது.

வயதானவர்களிடம் இதை நான் கூடுதல் அக்கறையோடு சொல்வதுண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் படம் எடுக்க வந்தார். அன்று காலையில்தான் தலைக்கும் மீசைக்கும் மை பூசியிருக்கிறார். நெற்றி ஓரத்திலும் காதுமடலிலும் கறுப்புக் கறை படிந்திருந்தது. மீசை ஒரே கறுப்புக் கோடாக இருந்தது. அந்தத் தோற்றத்தில் அவரை எந்த வேடத்துக்குக் கேட்பார்கள்? இளைஞனாகவும் முடியாது, தாத்தாவாகவும் முடியாது. ஐயா, மை போன பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மனமில்லாமல்தான் போனார். நரைத்த தலையும் வெளுத்த மீசையுமாக அவர் திரும்பி வந்தபோது, எந்தக் கிராமத்துக் கதையிலும் திண்ணையில் உட்காரவைக்கக்கூடிய ஒரு தகப்பனார் என் எதிரில் நின்றார். நரைக்கு இங்கே வேலை இருக்கிறது.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறையும். டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், உயரம், எடுத்த மாதம், ஆண்டு இருக்கட்டும். வெறும் எண்ணோடு வரும் கோப்பு இரண்டு கை மாறினால் யாருடையது என்றே தெரியாது. கூடவே ஒரு பக்க பிடிஎஃப் ஒன்று வையுங்கள். அதில் வயது, உயரம், சொந்த ஊர், எந்த வட்டாரத் தமிழ் சரளமாக வரும், சிலம்பமோ நீச்சலோ புல்லட் ஓட்டவோ தெரியுமா என்று எழுதுங்கள். நீங்கள் மதுரைக்காரர். உங்கள் பேச்சு ஒரு தகுதி, அதைக் குறிப்பிட வேண்டும். வீட்டு முகவரி வேண்டாம். புதிய படங்களை அனுப்பும்போது, பழையவற்றை நீக்கிவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஸ்டுடியோ விஷயம். வேடம் உறுதி, ஆனால் நாங்கள் சொல்லும் இடத்தில் ஆல்பம் எடுத்தால்தான் என்று யாராவது சொன்னால், அது ஆல்பம் விற்கும் தொழில், சினிமா எடுக்கும் தொழில் அல்ல. உண்மையாக ஆள் தேடுபவர் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்தே ஆடிஷனுக்குக் கூப்பிடுவார். வேடம் தருவதற்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பெண்கள் புதிய இடத்துக்குப் படம் எடுக்கப் போகும்போது வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துச் செல்லுங்கள். கூட ஆள் வரக்கூடாது என்று சொன்னாலோ, பாத்திரத்துக்குத் தேவை என்று உடையைக் குறைக்கச் சொன்னாலோ அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை.