ஜார்ஜ் பென்சன் 'பிரீசின்' ஆல்பத்தில் காசுக்காக ஜாஸை விட்டுக்கொடுத்தாரா?

என்னைப் பொறுத்தவரை இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொல்பவர்கள் அந்த ஆல்பத்தில் கிட்டார் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட் பென்சனின் இந்த ஆல்பம் 1976இல் வெளிவந்தது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பாப், ஜாஸ், ஆர் அண்ட் பி ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. ஜாஸ்காரர் ஒருவர் இவ்வளவு விற்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஆல்பத்தில் உள்ள ஆறு பாடல்களில் ஐந்தில் பாட்டே கிடையாது, வெறும் வாசிப்பு. காசுதான் குறி என்றால் யார் இப்படி ஆல்பம் போடுவார்கள்?

பாட்டு உள்ள ஒன்று, லியான் ரஸல் எழுதிய 'திஸ் மாஸ்கரேட்'. அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். கிட்டாரில் விரல் எந்த சுரத்தைத் தொடுகிறதோ, அதே சுரத்தை அதே நொடியில் வாயாலும் பாடுகிறார் பென்சன். கமகம், இடைவெளி, மூச்சு எல்லாம் ஒன்றாகவே நகர்கின்றன. நான் இதைச் சொந்தமாக முயன்று பார்த்திருக்கிறேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நான்கு வரி மட்டும் எடுத்துக்கொண்டேன். விரல் சரியாக வந்தால் குரல் பின்தங்கும், குரல் சரியாக வந்தால் விரல் தடுமாறும். மனதில் சுரம் முதலில் உருவாகாமல் இது நடக்காது. மனோதர்மம் என்று நாம் சொல்வது இதைத்தானே! ஆல்பத்தில் இந்தப் பாடல் எட்டு நிமிடம் ஓடுகிறது. வானொலிக்கான சிங்கிளுக்குத்தான் மூன்று நிமிடச் சொச்சமாக வெட்டினார்கள். அந்தச் சிங்கிளை மட்டும் கேட்டவர்களுக்கு பியானோவும் கிட்டாரும் எவ்வளவு தூரம் போகின்றன என்று தெரிய வாய்ப்பில்லை. அந்த வருடத்துச் சிறந்த ரெக்கார்டுக்கான கிராமி விருதும் இதற்குத்தான்.

சரி, பாடியதே சந்தை தந்திரம்தானே என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் சிறுவனாக இருந்தபோதே யுகுலேலி என்ற குட்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடியவர் பென்சன். பிறகுதான் ஜாக் மெக்டஃபின் ஆர்கன் குழுவில் கிட்டாரிஸ்டாகப் பெயர் வாங்கினார். பீட்டில்ஸ் பாடல்களை வைத்துச் செய்த ஆல்பத்திலும் பாடியிருக்கிறார். அப்போதெல்லாம் உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

தலைப்புப் பாடல் இன்னும் நல்ல சாட்சி. பாபி வோமாக் எழுதிய இந்த மெட்டை 1971இலேயே கபோர் ஸாபோ என்ற கிட்டாரிஸ்ட் பதிவு செய்துவிட்டார், அதற்கும் தயாரிப்பாளர் டாமி லிபூமாதான். அதே மெட்டு, அதே தயாரிப்பாளர், ஆனாலும் அது இந்த அளவுக்குப் போகவில்லை. இதில் மாறியது வாசித்த கைதான் என்று நினைக்கிறேன். பென்சன் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து, அவசரமே இல்லாமல் மெட்டைச் சொல்லிவிட்டு, திடீரென்று ஒரு நீண்ட வரியைக் கொட்டிவிட்டு மறுபடி சாய்ந்துகொள்கிறார். பின்னால் ஃபில் அப்சர்ச்சின் ரிதம் கிட்டாரும் ஹார்வி மேசனின் டிரம்ஸும் அவருக்குத் தரை போட்டுக் கொடுக்கின்றன. கிளாஸ் ஓகர்மனின் வயலின்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை, அவை எங்கேயும் கிட்டாரை மூடுவதில்லை.

எனக்கு இதில் இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்டான வெஸ் மான்ட்கோமரி ஞாபகம் வருவார். அவரும் அறுபதுகளின் கடைசியில் வயலின் குழுவோடு நன்றாக விற்ற ஆல்பங்கள் செய்தார். அவற்றில் பெரும்பாலும் மெட்டை அழகாக வாசித்துவிட்டு முடித்துக்கொள்வார். மனம் ஏங்கும், இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்று. பென்சன் அந்த இன்னும் கொஞ்சத்துக்குப் போனார்.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், இதே ஆல்பத்தில் பென்சன் வாசித்திருக்கும், ஹோசே ஃபெலிசியானோ எழுதிய 'அஃபர்மேஷன்' பாடலை ஹெட்போனில் போட்டு, கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் வந்து சொல்லுங்கள், பேசலாம்.